ஃபின்டெக் மாநாடு: மேடையிலும் துண்டுக்கு அடியிலும்

ஆபீஸ் மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வந்து விழும். மும்பையில் மூன்று நாள் ஃபின்டெக், அதாவது நிதித் தொழில்நுட்ப, மாநாடு. மேலாளர் அதை அப்படியே உங்களுக்குத் தள்ளிவிட்டு, "ஒரு எட்டு போயிட்டு வாங்களேன், நமக்கு எதுக்காவது ஆகுமான்னு பாப்போம்" என்பார். அங்கே என்ன நடக்கும், யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று அவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் வங்கியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, நகைக்கடன் நிறுவனத்திலோ, ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியிலோ வேலை பார்க்கிறவர்கள் முதல்முறை இப்படி ஓர் அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், அவர்களுக்காகத்தான் இது.

நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962-ல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையகம் இன்றும் தூத்துக்குடியில்தான். தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனம் கடைகளுக்கான பேமென்ட் கருவிகளை 2025 அக்டோபரில் வெளியிட்டது மும்பையில் நடந்த ஒரு ஃபின்டெக் மாநாட்டில். கடையநல்லூருக்கும் மேலப்பாளையத்துக்கும் ஏர்வாடிக்கும் கடல் கடந்து வரும் பணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு ஸ்கேனுக்குப் பின்னால் எத்தனை பேர்

பணம் அனுப்புவது, கடன் கொடுப்பது, ஆள் யாரென்று சரிபார்ப்பது, காப்பீடு போடுவது, தவணை வசூலிப்பது எல்லாம் ஒரு காலத்தில் வங்கிக் கிளையின் நான்கு சுவருக்குள் நடந்தன. இப்போது அதில் ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு நிறுவனம் மென்பொருளாகச் செய்து கொடுக்கிறது. இதற்குத்தான் ஃபின்டெக் என்று பேர்.

டவுன் ரத வீதியில் அரைக் கிலோ அல்வா வாங்கிவிட்டு ஸ்கேன் செய்கிறீர்கள். உங்கள் கையிலுள்ள ஆப் வங்கி கிடையாது. தனக்குப் பின்னால் நிற்கும் ஒரு வங்கியிடம் அது உங்கள் வேண்டுகோளைக் கொடுக்கிறது. அந்த வங்கி, யுபிஐயை நடத்தும் தேசிய அமைப்பான என்பிசிஐக்கு அனுப்புகிறது. என்பிசிஐ உங்கள் கணக்கு இருக்கும் வங்கியைக் கூப்பிட்டு, இவ்வளவு ரூபாயைக் கழி என்கிறது. கழித்தாயிற்று என்று பதில் வந்ததும் கடைக்காரரின் வங்கிக்கு, இவ்வளவு ரூபாயை ஏற்று என்று செய்தி போகிறது. அங்கிருந்து பதில் திரும்பி வந்தபிறகுதான் உங்கள் திரையில் பச்சை டிக். கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கும் பேசும் பெட்டிக்கு, அதற்குள் கிடக்கும் சிம் கார்டு வழியாக இன்னொரு செய்தி தனியாகப் போகிறது.

"காசு வந்துட்டா அண்ணாச்சி?"

"இன்னும் சத்தம் வரலியே."

அந்த "வரலியே"க்குக் காரணம் இத்தனை பேரில் யாராகவும் இருக்கலாம். உங்கள் வங்கியின் சர்வர் திணறியிருக்கலாம், கடைக்காரரின் வங்கி தாமதித்திருக்கலாம், பெட்டியின் சிம்முக்கு சிக்னல் போயிருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு ஒப்பந்தம். ஒருவர் தன் பக்கத்தை மட்டும் சரிசெய்தால் தீராது. இவர்கள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடித்தான் ஆக வேண்டும். மாநாட்டுக்கான அடிப்படைக் காரணம் இவ்வளவுதான்.

சரி, இத்தனை பேருக்கும் கூலி யார் கொடுக்கிறார்கள்? மாநாட்டுக்குப் போகும் முன் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. கடைக்காரர் பெரும்பாலான கார்டுகளில் பணம் வாங்கினால் எம்டிஆர் என்ற ஒரு சிறு கழிவு உண்டு. சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து அந்தக் கழிவு பூஜ்யம். அண்ணாச்சிக்கு நல்லதுதான். ஆனால் சர்வர் வாங்கி ஓட்டும் வங்கிக்குச் செலவு பூஜ்யம் ஆகவில்லை. மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25-ம் ஆண்டுக்குச் சிறு வணிகர்கள் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம் என்று நிர்ணயித்து, மொத்தம் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது போதாது என்று வங்கிகளும் ஆப் நிறுவனங்களும் ஒவ்வொரு மாநாட்டு மேடையிலும் முனகுவதைக் கேட்பீர்கள்.

போதாததை எங்கே ஈடுகட்டுகிறார்கள்? பெட்டி வாடகையில், காப்பீட்டு விற்பனையில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடனில். மாநாட்டு ஸ்டால்களில் பலகை பேமென்ட் என்று சொல்லும், உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் பேச்சு கடனில் போய் முடியும். உங்கள் கடைக்குத் தினமும் எவ்வளவு பணம் வருகிறது என்ற தகவல்தான் அவர்களுக்குச் சரக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி உரைகள் தானாகப் புரிந்துவிடும்.

நடத்துகிறவர் யார்

இந்தத் துறையில் பழைய கூட்டம் சைபோஸ். நாடுகளுக்கு இடையே வங்கிகள் செய்தி அனுப்ப 1973-ல் பிறந்த ஸ்விஃப்ட் அமைப்பு, 1978-லிருந்து நடத்திவருவது. எந்தச் செய்தியில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று முடிவுசெய்ய வங்கிக்காரர்கள் கூடியது இன்று பெரிய கண்காட்சியாகிவிட்டது. ஸ்மார்ட்ஃபோன் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய கதை அது.

மற்றவற்றை யார் காசில் நடக்கின்றன என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் ஃபின்டெக் ஃபெஸ்டிவலை 2016-ல் தொடங்கியது அந்நாட்டு மத்திய வங்கியான மாஸ். கட்டுப்படுத்துகிற அமைப்பே கூட்டம் போடுகிறது என்றால், எதை அனுமதிக்கப்போகிறோம், எதைத் தடுக்கப்போகிறோம் என்பதன் வாடை அங்கே அடிக்கும். 2018-ல் அங்கே முதன்மை உரை நிகழ்த்தியவர் பிரதமர் மோடி. மும்பையின் குளோபல் ஃபின்டெக் ஃபெஸ்ட் 2020-ல் கொரோனா காலத்தில் இணையவழியாகத் தொடங்கியது. என்பிசிஐயும் இந்தத் துறையின் சங்கங்களும் சேர்ந்து நடத்துவது. ரிசர்வ் வங்கி ஆளுநரே வந்து புதிய யுபிஐ வசதிகளை வெளியிடும் மேடை. மணி ட்வென்ட்டி ட்வென்ட்டி முழுக்க வணிக நிறுவனம் நடத்துவது. 2012-ல் லாஸ் வேகாஸில் தொடங்கியது. நுழைவுச்சீட்டும் ஸ்டால் வாடகையும்தான் அதன் வருமானம்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு ஃபினோவேட். 2007-ல் நியூயார்க்கில் தொடங்கியது. மேடை ஏறுகிறவருக்கு ஏழு நிமிஷம். ஸ்லைடு காட்டக்கூடாது. செய்திருக்கிற சாமானை ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்க் கல்லூரி விழாக்களில் இந்த விதியைக் கொண்டுவந்தால் பாதிப் பேர் மேடைக்கே வரமாட்டார்கள்.

சென்னையில் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2023 மார்ச்சில் தொடங்கிய யுமேஜின் மாநாடு உண்டு. அது ஃபின்டெக்குக்கு மட்டுமானது இல்லை. ஆனால் முதல்முறை போகிறவருக்கு மும்பையைவிட அதுதான் நல்லது என்பேன். மொழி பிரச்சினை இல்லை, இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர்.

இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பற்றி வெளியில் அதிகம் பேச்சே இருக்காது. ஐடி தலைமை அதிகாரிகளுக்கு மட்டும் அழைப்பு வைக்கும் தொழில்நுட்பத் தலைமை மாநாடுகள். விமான டிக்கெட், ஐந்து நட்சத்திர ஓட்டல், இரவு விருந்து எல்லாம் இலவசம். பதிலுக்கு, நாள் முழுக்க இத்தனை விற்பனையாளர்களோடு இத்தனை நிமிஷம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் செலவை அந்த விற்பனையாளர்கள்தான் ஏற்கிறார்கள். இது திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க வெளிப்படையாக இருக்கிற வழக்கம். ஆனால் அடுத்த மாதம் அதே விற்பனையாளர் உங்கள் வங்கியின் டெண்டருக்கு வந்து நிற்கும்போது, அந்த விருந்து எங்கோ ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். போகுமுன் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

உள்ளே போனதும்

வாசலிலேயே கழுத்தில் அட்டை மாட்டிவிடுவார்கள். பேச்சாளர், முதலீட்டாளர், ஸ்டால்காரர், பார்வையாளர் என்று வகைக்கொரு அட்டை. அதில் ஒரு க்யூஆர் குறி அச்சடித்திருக்கும். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும் சிரித்த முகத்தோடு ஒரு பிள்ளை நின்று, "ஸ்கேன் பண்ணிக்கலாமா சார், ஒரு பை தர்றோம்" என்று கேட்கும். பை துணிப்பை, உள்ளே ஒரு பேனா. ஸ்கேன் செய்த கணத்தில் உங்கள் பேர், பதவி, கைபேசி எண், நிறுவனம் எல்லாம் அவர்களின் விற்பனைப் பட்டியலில் ஏறிவிடும். ஊர் திரும்புவதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுவார்கள், கீழே ஒரு பேனாவுக்குத் தகவல் கைமாறும். எந்த ஸ்டாலோடு பேச்சைத் தொடர விருப்பமோ அங்கே மட்டும் அட்டையைக் காட்டுங்கள். மற்ற இடங்களில் "பிறகு வர்றேன்" போதும்.

மேடை நிகழ்ச்சிகள் மூன்று நான்கு தினுசு. முதன்மை உரை என்பது ஆளுநரோ அமைச்சரோ பெரிய நிறுவனத்தின் தலைவரோ எழுதி வாசிப்பது. அன்று மாலையே முழு உரையும் இணையத்தில் வந்துவிடும், முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். குழு உரையாடலில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் ஆமோதித்துக்கொள்வார்கள். ஸ்டால் வாடகை கொடுத்தவருக்குக் குழுவில் ஒரு நாற்காலியும் சேர்த்து விற்கிற மாநாடுகள் உண்டு என்பதால், யார் எந்த நிறுவனம் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். பயிலரங்கு என்று போட்டிருந்தால் கட்டாயம் போங்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும் அறையில், என்பிசிஐயிலோ வங்கியிலோ உண்மையில் அந்த வேலையைச் செய்கிற ஆள் பலகையில் கோடு போட்டுச் சொல்லித்தருவார். விருது வழங்கும் விழாவைப் பற்றி ஒரு வரி போதும்: நுழைவுக் கட்டணம் கட்டினால்தான் போட்டியில் சேர்க்கிற விருதுகளும் இருக்கின்றன.

உண்மையான வியாபாரம் இது எதிலும் நடப்பதில்லை. மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், தரகர் உரக்கப் பேசுவது ஒரு விலை, துண்டைப் போட்டு விரலைப் பிடித்துப் பேசுவது இன்னொரு விலை. மாநாட்டில் துண்டு விழும் இடம் காப்பி மேசையும், ஸ்டாலுக்குப் பின்னால் தடுப்பு கட்டிய சின்ன அறையும். ஒரு வங்கியும் ஒரு மென்பொருள் நிறுவனமும் ஆறு மாதமாக மின்னஞ்சலில் இழுத்துக்கொண்டிருந்த ஒப்பந்தம் அங்கே இருபது நிமிஷத்தில் முடியும். அதனால் அனுபவசாலிகள் அரங்குக்குள் போவதே குறைவு. யார் யாரை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று இரண்டு வாரம் முன்பே பேசிவைத்துக்கொண்டு வருவார்கள்.

அறிவிப்பு வேறு, கவுண்டர் வேறு

மாநாட்டில் கைதட்டல் வாங்கும் வசதி நம் ஊர்க் கவுண்டருக்கு எப்போது வரும்? புதிதாகப் போகிறவர் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

2023 செப்டம்பரில் மும்பை மாநாட்டில் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் வெளியிட்டவற்றில் ஒன்று ஹலோ யுபிஐ. வாயால் சொன்னால் பணம் போகும். முதலில் இந்தியும் ஆங்கிலமும், மற்ற மொழிகள் பிறகு என்றார்கள். முக்கூடலில் பீடி சுற்றும் அக்காவுக்கு அது எப்போது உதவும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ் வந்தாலும், செய்தி வாசிப்பவர் தமிழா, "ஒரு அம்பது ரூவா போட்டு விடுட்டி" என்கிற தமிழா? குரலை எழுத்தாக்கும் மென்பொருள் எந்த வட்டாரப் பேச்சைக் கேட்டுப் பழகியதோ அந்தப் பேச்சுதான் அதற்குப் புரியும். இந்தக் கேள்வியை ஸ்டாலில் கேட்டால் விற்பனைக்காரர் திணறுவார். உள்ளே இருந்து இன்ஜினியரைக் கூப்பிடுவார். உங்களுக்கு வேண்டியவர் அந்த இன்ஜினியர்தான்.

அதே மேடையில் வந்த இன்னொன்று யுபிஐ லைட் எக்ஸ். இணையம் இல்லாத இடத்திலும் இரண்டு கைபேசிகளை ஒட்டிப் பிடித்துச் சின்னத் தொகை மாற்றலாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். காட்டுக்குள் கூடாரம் போட்டு அவ்வளவு ஜனம். தேங்காய் பழம் விற்கிறவரிடம் ஸ்கேன் செய்துவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் லைட் எக்ஸ் வேலைசெய்ய இரண்டு பக்கமும், அருகில் வைத்தாலே தகவல் பரிமாறும் என்எஃப்சி வசதி உள்ள கைபேசி வேண்டும். விலை குறைந்த பல கைபேசிகளில் அது கிடையாது. தேங்காய்க்காரரிடம் அது இருக்குமா? அறிவிப்பின் பெரிய எழுத்தைப் படித்து முடித்ததும் இந்த மாதிரி நிபந்தனையைத் தேடிப் போக வேண்டும். சாதாரண பட்டன் கைபேசிக்கு 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உங்கள் கிளைக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று அடுத்த திங்கட்கிழமை கவுண்டரில் நீங்களே விசாரித்துவிடலாம்.

சொன்னபடி வந்து சேர்ந்த கதையும் உண்டு. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு. இந்திய யுபிஐயையும் அதைப் போன்ற சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைக்கப்போவதாக இரு மத்திய வங்கிகளும் 2021 செப்டம்பரில் அறிவித்தன. 2022 ஜூலைக்குள் என்றார்கள். நடைமுறைக்கு வந்தது 2023 பிப்ரவரி 21. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் பணம் போய்வர ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ. ஆக்சிஸும் டிபிஎஸ் இந்தியாவும் பணம் வாங்க மட்டும். இந்தியாவிலிருந்து அனுப்ப நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு. ஏழு மாதம் பிந்தினாலும் வந்தது வந்ததுதான். மகன் சிங்கப்பூரில் கைபேசியைத் தட்டினால் உம்மாவின் கணக்கில் உடனே ஏறுகிறது. நீங்கள் ஒரு சின்ன வங்கியில் இருந்தால் உங்கள் கேள்வி வேறு: நம் வங்கி இந்த இணைப்பில் சேர என்ன செலவு, எந்த மென்பொருளை மாற்ற வேண்டும், பணமோசடித் தடுப்புச் சோதனையை யார் செய்வது? சிங்கப்பூர் மாநாட்டுக்கு நம் பக்கத்து ஆள் போனால் கேட்க வேண்டியது இதுதான், மெய்நிகர் நாணயம் பற்றியெல்லாம் இல்லை.

கடன் பக்கம் வருவோம். உழவர் கடன் அட்டையை முழுக்க டிஜிட்டலாகக் கொடுக்கும் சோதனையை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 2022 செப்டம்பரில் சில மாநிலங்களின் சில மாவட்டங்களில் தொடங்கியது. அதில் தமிழ்நாடும் ஒன்று. அதிலிருந்து வளர்ந்து 2023 ஆகஸ்டில் ஒரு பொதுத்தளம் வந்தது. 2024-ல் அதற்கு யுஎல்ஐ என்று பேர் வைத்தார்கள். நில ஆவணம் போன்ற தகவல்களைப் பல இடங்களிலிருந்து ஒரே வழியாக எடுத்துக் கடன் கொடுப்பவரிடம் சேர்ப்பது அதன் வேலை. விவசாயி பட்டா, சிட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று மேடையில் அழகாகச் சொல்வார்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு போகமும் நடுகிறவர்களில் குத்தகைக்காரர் எத்தனை பேர்? கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையில் குடியேறிவிட்டவரின் நிலம். பட்டாவில் பேர் ஒருவருக்கு, சேற்றில் கால் இன்னொருவருக்கு. ஆவணத்தை எவ்வளவு வேகமாக எடுத்தாலும் ஆவணத்தில் இல்லாத ஆளை எப்படிக் கண்டுபிடிக்கும்? அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்திருக்கும் செயலாளருக்கு இந்தச் சிக்கல் தினசரிப் பாடு. மும்பை மேடையில் இருப்பவருக்கு இது ஒரு புதுத் தகவலாகக்கூட இருக்கலாம். ஆகவே, கூட்டத்தில் நாம் கேட்டுக்கொள்ள மட்டும் போகவில்லை. அவர்கள் கேட்டிராத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கி, ஊர்ப் பேரைச் சொல்லி, இரண்டே வாக்கியத்தில் இதைக் கேட்டால், கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் உங்களைத் தேடி வருவார்கள்.

தொழில்நுட்பத் தலைமை என்ற மறுபாதி

இந்த மாநாடுகளின் தலைப்பில் புத்தாக்கத்துக்குப் பக்கத்தில் தலைமை என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் வங்கியில் ஐடி தலைவர் என்றால் கம்ப்யூட்டர் ரிப்பேரானால் கூப்பிடப்படுகிறவர். நிலைமை மாறியதற்குக் காரணம் அடிகள்தான். 2020 டிசம்பரில், டிஜிட்டல் சேவைகள் திரும்பத் திரும்பத் தடைபட்டதால், எச்டிஎஃப்சி வங்கி புதிய டிஜிட்டல் சேவைகளைத் தொடங்கவும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் ரிசர்வ் வங்கி தடைபோட்டது. தடை முழுதும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. சர்வர் கோளாறு வியாபாரத்தையே நிறுத்தும் என்று அன்று எல்லா வங்கி வாரியங்களுக்கும் உறைத்தது.

நம்மைப் போன்ற ஊர்களுக்கு நெருக்கமானது 2024 ஜூலைக் கடைசியில் நடந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை கொடுக்கும் ஒரு நிறுவனத்தில், கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்க என்பிசிஐ அந்த நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பணப் பரிமாற்றம் நின்றது. மறுநாள்தான் இணைப்பு திரும்பியது. தப்பு அந்த 300 வங்கிகளில் எதிலும் இல்லை, எல்லாரும் சாய்ந்திருந்த ஒரே தோளில் இருந்தது. சிறு வங்கி, சங்கம் எதுவும் சொந்தமாக டேட்டா சென்டர் கட்ட முடியாது. யாரையாவது சார்ந்துதான் ஆக வேண்டும். அப்படியிருக்க, சேவை கொடுப்பவரிடம் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும், அவர் விழுந்தால் ஒரு நாள் எப்படிச் சமாளிப்பது, கடைசியாக எப்போது அதை ஒத்திகை பார்த்தோம்? தலைமை மாநாட்டில் பேசுவதில் உருப்படியானவை இந்த அமர்வுகள்தான். நிகழ்ச்சி நிரலில் செயற்கை நுண்ணறிவு என்று பளபளக்கும் அமர்வை விட்டுவிட்டு, மூன்றாம் தரப்பு அபாயம் என்று சலிப்பூட்டும் தலைப்புள்ள அறைக்குப் போங்கள். அங்கே காலி நாற்காலியும் கிடைக்கும்.

2024 ஏப்ரல் முதல் அமலான ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் தகவல் பாதுகாப்புத் தலைவர் ஐடி தலைவருக்குக் கீழே நேரடியாக இருக்கக்கூடாது, அவருக்கு வியாபார இலக்கும் கொடுக்கக்கூடாது. வேகமாக வெளியிட வேண்டியவரும் நிறுத்த வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் எது ஜெயிக்கும் என்று தெரிந்து எழுதிய விதி. இதை நடைமுறையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று மற்ற வங்கிக்காரர்களிடம் காப்பி மேசையில் கேட்டால், மேடையில் வராத பதில்கள் கிடைக்கும்.

போகிற ஏற்பாடு

யாரை அனுப்புவது என்பதில் நம் நிறுவனங்கள் வழக்கமாகத் தலைவரையோ ஓய்வு நெருங்கும் மூத்தவரையோ தேர்ந்தெடுக்கும். அது ஒரு மரியாதை, சரி. கூடவே கவுண்டரிலோ மென்பொருள் எழுதும் மேசையிலோ இருக்கும் ஒருவரையும் அனுப்பினால்தான் காசு செலவழித்ததற்குப் பலன். விற்பனைக்காரர் சொல்வதில் எது நடக்கும், எது நடக்காது என்று அவருக்குத்தான் தெரியும்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. முன்கூட்டிப் பதிந்தால் கட்டணம் குறையும் மாநாடுகள் பல. மாணவர்களுக்கும் புதுத் தொழில்முனைவோருக்கும் தனிச் சலுகை கொடுப்பவையும் இருக்கின்றன. புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குத் திருநெல்வேலியில் வட்டார மையம் இருக்கிறது, சொந்தமாக ஏதாவது செய்துகொண்டிருப்பவர்கள் முதலில் அங்கே போய் விசாரிக்கலாம். சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் தவிர 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. மும்பை மாநாடு நடக்கும் ஜியோ வேர்ல்டு சென்டர் இருப்பது பாந்த்ரா-குர்லா வளாகத்தில். அங்கே ஓட்டல் வாடகை கண்ணைக் கட்டும். ஆனால் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாராவி. அங்கே நம் மாவட்டத்து ஜனம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! ஒரு சித்தப்பாவோ மதினியோ இல்லாத குடும்பம் குறைவு. ராத்திரி தங்கலுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஃபின்டெக் உண்மையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, தாராவிக் கடை ஒன்றில் அரை மணி நேரம் நின்றாலும் போதும்.

போகும் முன் ஒரு தாளில் மூன்று கேள்விக்கு மேல் எழுத வேண்டாம். மூன்றும் உங்கள் ஆபீஸில் சென்ற மாதம் உண்மையில் வந்த பிரச்சினையாக இருக்கட்டும். "யுபிஐ தோல்வியான பணம் திரும்பி வர ஏன் நான்கு நாள் ஆகிறது" என்பது நல்ல கேள்வி. "ஃபின்டெக்கின் எதிர்காலம் என்ன" என்று கேட்டால் எதிர்காலத்தை விற்கிறவர்கள் எல்லாரும் உங்களைச் சூழ்ந்துவிடுவார்கள்.

திரும்பி வந்ததும் முதல் வாரத்துக்குள் ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள். யாரிடம் எதைக் கேட்டேன், என்ன பதில், எந்தத் தேதிக்குள் மேல்விவரம் தருவதாகச் சொன்னார்கள், அவர் கைபேசி எண் என்ன என்று மட்டும் இருக்கட்டும். உரைகளின் சுருக்கம் வேண்டாம், அவை இணையத்திலேயே கிடைக்கும். அந்தத் தேதி தாண்டியும் பதில் வராதவரை நீங்களே ஒருமுறை கூப்பிடுங்கள். அதற்கும் அசையாத விற்பனையாளரை அடுத்த டெண்டர் பட்டியலில் எழுதுவதா வேண்டாமா என்பதை மேலாளர் பார்த்துக்கொள்வார்.